சுண்ணாம்புக்கு அடியில் ஓர் இடையன்

மகன் வெளிநாடு போகிறான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். செஞ்சிக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் எங்கள் வீட்டிலிருந்து புதுச்சேரி அரை நாள் பயணம்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டாவது மழைக்காலம் அது. கொடி இறங்கினாலும் கையெழுத்து வேலை முடியவில்லை, சட்டப்படி அந்த ஊர் இன்னும் பிரான்சுடையதுதான் என்று சென்னையில் எங்கள் பேராசிரியர் சொன்னதை நான் வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பஸ் ஏற்றிவிட வந்தவர், "அங்க யாராச்சும் அவங்க பாஷையில எதுனா கேட்டா வாயத் தொறக்காத. தலைய மட்டும் ஆட்டு," என்றார்.

"எப்படி ஆட்டறது? ஆமான்னா, இல்லைன்னா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

நான் போனது ஒரு மண் விளக்கைப் பார்க்க. எங்கள் கல்லூரியில் அருங்காட்சியகம் என்று ஓர் அறை உண்டு. அதில் உள்ள பொருள்களைப் படம் வரைவது என் வேலை. பேராசிரியருக்கு ரோமானியர் காலத்து விளக்குகளின் மேல் ஒரு பித்து. நம் அகலைப் போல வாய் திறந்தவை அல்ல அவை. மேலே மூடியிருக்கும், எண்ணெய் ஊற்ற ஒரு துளை, மூக்கு நுனியில் திரிக்கு ஒரு துளை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு படம். முதல் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய கோயில்கள் கிடையாது. அவர்கள் நம்பிக்கை வீட்டு விளக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பார் பேராசிரியர். மீன், புறா, நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமந்த இடையன். புத்தகப் படங்களைப் பார்த்துப் பார்த்து நான் இவற்றை வரைந்திருக்கிறேன். அசல் விளக்கு ஒன்றைக் கையில் தொட்டதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஆப்பிரிக்காவின் வடக்கே துனீஸ் பக்கமிருந்து கொண்டுவந்த விளக்கொன்றை ஒரு கல்லறையில் பதித்து வைத்திருக்கிறார் என்று யாரோ பேராசிரியருக்குச் சொல்லியிருந்தார்கள். "கொடுத்தால் வாங்கி வா. கொடுக்காவிட்டால் வரைந்து வா," என்று அனுப்பினார். விளக்கு வந்தால் அதற்கு ஓர் அலமாரி வரும், அலமாரி வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருக்கலாம். இதை அவர் சொல்லவில்லை. நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு.

எல்லையில் பழைய சுங்கச் சாவடி கூரை ஒழுகிக்கொண்டு நின்றது. கண்டக்டர் என் தோல்பையைப் பார்த்து, "எறங்கி மூட்டையப் பிரிச்சுக் காட்டுங்க சார்," என்றார். நான் இறங்கப் போனேன். பஸ்ஸே சிரித்தது. பின்னால் இருந்த ஒரு வெற்றிலைக்கார அம்மாள் மட்டும், "பாவம், படிச்ச புள்ள, நெசம்னு நெனச்சுட்டுது," என்று எனக்காகப் பேசினார்.

பஸ் நிலையத்தில் ஒருவர் தன் வண்டியில் ஏறச் சொன்னார். புஷ் வண்டி என்கிறார்கள். உட்காரும் பெட்டிக்கு முன்னால் ஒரு கம்பி. வண்டிக்காரர் பின்னால் நின்று தள்ளுவார், ஏறியவர்தான் கம்பியைத் திருப்பி வழி பார்த்துப் போக வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். வண்டி நேராகப் போய் ஒரு பூக்காரியின் கூடையை உரசி வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்தது. "கம்பியப் புடிக்க மாட்டீங்களா?" என்றார் வண்டிக்காரர். "நீங்கதானே ஓட்டறீங்க?" என்றேன். "நான் தள்ளறேன். ஓட்டறது நீங்க." மீதி வழியெல்லாம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த அழகான நேர்த் தெருக்களில் எதையும் பார்க்காமல் போனேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. மிக்கேல் என்று பெயர். ஐம்பதைத் தொடும் வயது, இரும்புக் கம்பி போல முதுகு. "பொன்ழூர், மிஸ்யே," என்று கை நீட்டினார். அப்பா சொன்னபடி தலையை நடுவாக்கில் ஆட்டினேன். அவர் உடனே தமிழுக்கு வந்துவிட்டார். "சாப்ட்டீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க."

அவர் மனைவி தெரேசம்மா நீளமான ரொட்டி ஒன்றைக் கையாலேயே ஒடித்துத் தட்டில் வைத்து, மேலே வஞ்சிர மீன் குழம்பை ஊற்றினார். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்கு. டாக்டர் சொன்னால்தான் வாங்குவோம். இங்கே நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் வேளாவேளைக்குத் தின்கிறார்கள். நான் தயங்கியதைப் பார்த்து, "மீனு ஆகாதா தம்பி?" என்றார் அந்த அம்மாள். "ரொட்டிதாங்க பழக்கமில்ல," என்றேன். மேலோடு மொறுமொறுவென்று, உள்ளே குழம்பை உறிஞ்சிக்கொண்டு அவ்வளவு ருசி. கேட்காமலேயே இன்னொரு துண்டு வந்தது.

அந்த அம்மாள் கணவரை 'பிலோமி அப்பா' என்று கூப்பிட்டார். வீட்டில் குழந்தைகள் நடமாட்டம் இல்லை. அந்தப் பெயருக்கு உரியவளைத்தான் சாயங்காலம் பார்க்கப் போனோம்.

ஊரின் தெற்குக் கோடியில், கடல் காற்று வரும் இடத்தில் கல்லறைத் தோட்டம். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அன்றைக்குச் செத்தவர்களைப் பார்க்க ஊரே வரும், சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார் என்று மிக்கேல் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்காக எல்லோரும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாளியும் மட்டையுமாகக் குடும்பம் குடும்பமாக. எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் பெண்கள் வர மாட்டார்கள். வந்த ஆண்களும் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். இங்கே பெண்கள் கல்லறைமேல் உட்கார்ந்து தலை வாரிக்கொள்கிறார்கள்.

பிலோமியின் கல்லறை சின்னது. தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதன் மேல்புறத்தின் நடுவில், சுவரோடு சுவராக, வெள்ளையாக ஒரு கட்டி. கோதுமை மாவை உருட்டி அப்பியது போல.

"வெளக்கு எங்கீங்க?" என்றேன்.

"அதான்," என்றார் மிக்கேல்.

வருஷா வருஷம் கல்லறையோடு சேர்த்து விளக்குக்கும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். திரித் துளை அடைந்துவிட்டது. எண்ணெய்த் துளை இருந்த இடமே தெரியவில்லை. அதன் தலைமேல் மெழுகுவத்தியை உருக்கி நிறுத்தி ஏற்றியிருக்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த படத்தைப் பத்து வருஷத்துச் சுத்தம் மறைத்துவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "அழுக்கா விட்டு வெக்க முடியுமா தம்பி? நாலு பேரு வந்து போற எடம்," என்றார் தெரேசம்மா.

விளக்கு வந்த கதையை மிக்கேல் அங்கேயே நின்று சொன்னார். சண்டைக் காலத்தில் துனீஸ் பக்கம் பதுங்குகுழி வெட்டும்போது மண்வெட்டியில் அகப்பட்டவை பல. நல்லவற்றை அதிகாரி எடுத்துக்கொண்டார். மூக்கு ஓரத்தில் சில்லு பெயர்ந்த இதை இவர் பக்கம் உருட்டிவிட்டார். பிலோமி செத்த செய்தி அவருக்குப் பாலைவனத்தில்தான் கிடைத்தது. "ஏழு வயசு. நான் கப்பல் ஏறறப்ப அவ இடுப்புல இருந்தா. திரும்பி வந்தா மண்ணு மேடுதான். சேதி வந்தன்னிக்கு எந் தலைமாட்டுல மூட்டைக்குள்ள இது இருந்துது. ஆண்டவர் ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. நம்ம பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போறாருடின்னு சொல்லி நானே பதிச்சேன்."

விளக்கைக் கேட்கலாமா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சுரண்டிப் படத்தை மட்டும் பார்க்க அனுமதி கேட்டேன். மிக்கேல் மனைவியைப் பார்த்தார். தெரேசம்மா, "பாத்துட்டு மறுபடி அடிச்சுக்கலாம்," என்றார்.

மறுநாள் முழுக்க அங்கேதான். ஈரத் துணியைப் போர்த்தி ஊற வைத்து, மூங்கில் சீவலால் செதில் செதிலாக எடுத்தேன். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவது போல வருஷத்துக்கு ஒரு பூச்சு. பக்கத்துக் கல்லறைக்காரர் ஒருவர் தன் அப்பாவுக்கு நீலம் கலந்து அடித்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார். "ஊரே அடிக்குது, நீங்க ஒருத்தர் சொரண்டறீங்களே?"

"உள்ள படம் இருக்குதுங்க."

"எங்கப்பன் உள்ளயும் நெறையா இருந்துது. சொரண்டிடாதீங்க, கடன் கேட்டு எழுந்து வருவாரு."

அவர் மனைவி பின்னாலிருந்து, "உசுரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு ஒரு வேட்டி தோச்சுப் போட்டிருப்பாரா? இப்ப நீலம் போட்டு வெளுக்குறாரு," என்றார். அவர் மட்டையை உதறிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

முதலில் விளிம்பில் திராட்சைக் கொடி வந்தது. பிறகு இரண்டு கால்கள், துணி சுற்றிய கணுக்கால். இடுப்பில் கட்டிய குட்டை அங்கி. மார்புக்கு முன்னால் இரண்டு கைகளும் ஆட்டின் நான்கு கால்களைச் சேர்த்துப் பிடித்திருந்தன. முகம் மட்டும் தேய்ந்து, மூக்கா வாயா என்று தெரியாத ஒரு மேடு. சுண்ணாம்பு செய்த வேலை அல்ல அது. பழைய அச்சில் எடுத்த விளக்கு, பிறக்கும்போதே அப்படித்தான். செம்மண் நிறத்தில் அந்த இடையன் வெளியே வந்தபோது மூங்கில் சீவலைக் கீழே வைத்துவிட்டேன். புத்தகத்தில் பார்த்தவன்தான். ஆனால் புத்தகத்தில் அவனுக்கு எடை கிடையாது. இங்கே ஆட்டின் பாரத்தில் ஒரு முழங்கால் மடங்கியிருந்தது.

கடைசியாகத் தலையைச் சுரண்டினேன். சுருண்ட கொம்பு வந்தது.

கணவரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தெரேசம்மா குனிந்து பார்த்தார். பதித்த வருஷமே சுண்ணாம்பு ஏறிவிட்டதால் அவர் இதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. "இது குட்டி இல்லையே," என்றார். "இம்மாம் பெரிய கெடா. இத எதுக்குத் தூக்கறாரு?"

அது எனக்குத் தெரிந்த விஷயம். "எங்க வீடு ஆடு மேய்க்கிற வீடுங்கம்மா. கெடாய யாரும் தூக்க மாட்டாங்க, அதுவே நடந்து வரும். அதனால நடக்க முடியலைன்னாத்தான் தூக்குவாங்க. எங்கப்பா ஒருக்கா கால் ஒடிஞ்ச கெடாயத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ரெண்டு நாளு அவரால நிமிர முடியல."

அவர் அந்தக் கொம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "இவளுக்கும் கடைசியில கால் வரலை. ஏழு வயசுப் பொண்ணு, தூக்கற வயசா? தோள்ல போட்டுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்."

மிக்கேல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனார். வாளியில் தண்ணீர் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் வந்தார். கோடையில் மாற்றலாகி வந்த புதியவர், தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கல்லறை கல்லறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இங்கே நின்றார். இப்படி ஒரு விளக்கு இருப்பதாக ஏற்கெனவே யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"இதுதானா அந்த அஞ்ஞானி வெளக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"சேசுநாதருங்க சாமி," என்றார் தெரேசம்மா.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"பிலோமி அப்பாதான்."

சாமியார் என் பக்கம் திரும்பினார். காலேஜிலிருந்து வந்த ஆள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "படிச்ச பிள்ளை, நீங்க சொல்லுங்க. ரோமாபுரிக்காரங்க ஆயிரம் பொய்த் தேவர்கள வெச்சிருந்தாங்க. அவங்களுக்கும் ஆடு தூக்கற ஒரு தேவன் உண்டுன்னு நான் செமினேரியில படிச்சிருக்கேன். திருநாளன்னிக்கு நான் மந்திரிக்கிற எடத்துல அப்படி ஒண்ணு இருக்கக் கூடாது. இது நம்ம ஆண்டவரா, இல்லையா?"

"யோசிச்சுச் சொல்றேங்க."

"நீங்க எந்தப் பங்கு?"

"நான் கிறிஸ்தவன் இல்லீங்க சாமி."

அவர் என்னை மறுபடி பார்த்தார். "சரி. அதனால என்னா. நாளைக்குச் சகல அர்ச்சிஷ்டர் திருநாள், கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு. பூசை முடிஞ்சு கோயில் பங்களாவுக்கு வாங்க. உங்க வார்த்தைய நான் எடுத்துக்குறேன்."

அன்று ராத்திரி மிக்கேல் வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு மட்டும் மீனில் முள் நீக்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பூசை நேரத்தில் கடற்கரைக்குப் போய்விட்டேன். வானம் மூட்டமாக இருந்தது. கோட்டுப் போட்ட இரண்டு முதியவர்கள் குடையைத் தட்டிக்கொண்டு பிரெஞ்சில் பேசிப் போனார்கள். பின்னால் வந்த ஒரு சுண்டல்காரரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "மழை பேஞ்சா பூ அழுகிடும், பேயலன்னா வெலை ஏறிடும், எப்படியும் செத்தவங்களுக்குத்தான் செலவுன்னு சொல்றாங்க," என்றார்.

அலைக்கு எதிரே நின்று நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் விளக்கு பெயர்க்கப்படும். பெயர்த்த பொருளை வீட்டில் வைக்க அவர்களுக்கு மனம் வராது. நான் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். 'ஆமாம்' என்றால் அந்த அம்மாளுக்கு நிம்மதி. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. ஆடு சுமந்த இடையன் கிறிஸ்தவர்களுக்கு முன்பே அங்கே இருந்தவன். நல்ல மனசுக்கும் இரக்கத்துக்கும் அவனை ஓர் அடையாளமாக வைத்திருந்தார்கள். பிறகு கிறிஸ்தவர்கள் அவனைத் தங்கள் ஆண்டவராகப் பார்த்தார்கள். ஒரே பட்டறையில், ஒரே சூளையில், இந்த இடையனும் வெந்தான், வேறு தெய்வங்களும் வெந்தன. வாங்கிப் போனவர்கள் அவரவர் வீட்டில் ஏற்றினார்கள்.

சாமியாரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முடிவா என்னா சொல்றீங்க?"

"எடையன்னு சொல்லலாங்க. உங்க ஆண்டவரா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"தெரிஞ்சுக்க வழியே கெடையாதா?"

வழி இருக்கலாம் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அவர் நேராகக் கேட்டார். இப்படிப்பட்ட விளக்குகளின் அடியில் சில பட்டறைக்காரர்கள் தங்கள் பேரைப் பொறிப்பார்கள். சிலர் சிலுவைக் குறி போடுவார்கள். சிலர் வேறு சாமியின் குறியையும் போட்டிருக்கிறார்கள். அடிப்பாகம் சுவருக்குள் இருக்கிறது.

"அப்ப பேத்துப் பாக்கணும்," என்றார். பிறகு குரலைத் தணித்தார். "நீங்க என்னப் பத்தி என்னா நெனைக்கிறீங்கன்னு தெரியுது. எனக்கு மட்டும் அந்தக் கொழந்தை மேல கோவமா? சந்தேகத்துல இருக்கற பொருளுக்குத் தீர்த்தம் தெளிக்க எனக்கு அதிகாரம் கெடையாது தம்பி. நாளைக்கு நான் வர்றப்ப அது அந்தச் செவுத்துல இருக்கக் கூடாது. இருந்தா அந்தக் கல்லறையத் தாண்டிப் போயிடுவேன். அவங்க கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். மிக்கேல் எழுந்து நின்று பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. பிறகு என்னிடம், "அப்ப ஆண்டவர் இல்லைன்னுட்டு வந்துட்டீங்க," என்றார்.

"இல்லைன்னு சொல்லலீங்க ஐயா."

"ஆமான்னும் சொல்லலையே. நான் குண்டுக்கு நடுவுல தூக்கிக்கிட்டு வந்தேன். உங்க வாய்ல ஒரு ஆமாம் வரலை."

தெரேசம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அவரத் திட்டாதீங்க. தெரியாதத் தெரியாதுன்னுதானே சொல்லியிருக்காரு." குழவியை உருட்டி மசாலாவை வழித்தார். "அந்த ஆமாம் அவரு தெரியாமச் சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன். அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

பெயர்ப்பதா, தாண்டிப் போக விடுவதா? சாமியார் நிற்காமல் தாண்டிப் போன கல்லறை என்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குப் புரிய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. பெயர்த்து, அடியில் வேறு ஏதாவது இருந்துவிட்டால், பத்து வருஷமாக அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தது யார்?

கல்லறைத் திருநாள் மழையோடு விடிந்தது. மார்க்கெட்டில் சாமந்தி மலை மலையாகக் கிடந்தது, ஈரத்தில் கனத்துப்போய். மத்தியானம் மழை விட்டது. மிக்கேல் மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டார். பையில் உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டார். நான் என் வரைபலகையை எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. அடித்த சுண்ணாம்பில் மழை வழிந்து கோடு கோடாக இருந்தது. நீலம் அடித்தவரின் அப்பா கல்லறை எல்லாவற்றையும்விட மோசமாக வழிந்திருந்தது. அதைப் பற்றி அவர் மனைவி சொன்னதை நான் எழுத முடியாது. தூரத்தில் சாமியாரின் லத்தீன் பாட்டும், உபதேசியார் ஆட்டும் மணியும் வரிசை வரிசையாக நெருங்கி வந்தன.

மிக்கேல் உளியை எடுத்தார். சுவரில் வைத்தார். சுத்தியைத் தூக்கக் கை வரவில்லை. பதுங்குகுழியில் மண்வெட்டி போட்ட கை. "என்னால ஆகாது, தெரேஸ்," என்றார். என்னைப் பார்த்தார். எனக்கும் ஆகவில்லை. அது உடைந்தால் பேராசிரியருக்கு என்ன பதில் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

தெரேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உளியை வாங்கினார். தேங்காய் சில்லு எடுக்கிற மாதிரி, சுற்றி வர மெல்ல மெல்லத் தட்டினார். மழையில் ஊறிய காரை சிரமம் தரவில்லை. விளக்கு முழுசாக அவர் கையில் வந்தது. அடிப்பாகத்தைப் பார்க்காமல், படம் மேலே தெரியும்படி பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மடியில் வைத்து முந்தானையால் மூடினார்.

"என்னா பண்ற?" என்றார் மிக்கேல்.

"செவுத்துல இருக்கக் கூடாதுன்னாரு. செவுத்துல இல்ல."

சாமியார் வந்தார். சுவரில் காரை பெயர்ந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் மடியைப் பார்த்தார். முந்தானைக்குக் கீழே விளக்கின் மூக்கு துருத்திக்கொண்டிருந்தது. தெரேசம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தபடியே இருந்தார். கை கூப்பவில்லை, இரண்டு கையும் மடியில் இருந்தன.

சாமியார் ஜெபம் சொன்னார். மற்ற கல்லறைகளில் சொன்ன அளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்லறைக்குத் தீர்த்தம் தெளித்தார். சுற்றி நிற்பவர்கள் மேலும் தெளிப்பது வழக்கம். மிக்கேல் மேல் விழுந்தது, என் மேலும் விழுந்தது. உட்கார்ந்திருந்தவர் முன்னால் ஒரு நொடி கை நின்றது. பிறகு அவர் தலையிலும் மடியிலும் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

மணிச் சத்தம் நகர்ந்த பிறகு தெரேசம்மா முந்தானையை விலக்கினார். விளக்கை என் பக்கம் நீட்டினார்.

"அடியில எழுத்து இருக்குதா பாருங்க தம்பி. அதுக்குத்தானே அவ்வளவு தொலவு வந்தீங்க. இருந்தா படிச்சுக்கங்க, எழுதிக்கங்க. எங்கிட்ட சொல்லாதீங்க."

இவ்வளவு சொல்லிவிட்டு, என் முகத்தைத் தப்பித் தவறிப் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மிக்கேலைப் பார்த்து, "நீங்களுந்தான்," என்றார். படைவீரர் பதக்கங்களோடு திரும்பி நின்றார்.

நான் விளக்கைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த காரையைத் துணியால் துடைத்தேன். மெழுகுவத்திக்கு அருகே பிடித்தேன். பார்த்தேன். பார்த்ததை அளவெடுத்து வரைந்தேன். முடியும் வரை இரண்டு பேரும் திரும்பவில்லை.

தெரேசம்மா கையைப் பின்னால் நீட்டினார். "முடிஞ்சுதா? குடுங்க."

கொடுத்தேன். திரித் துளையையும் எண்ணெய்த் துளையையும் நான் சுத்தம் செய்து வைத்திருந்தேன். மிக்கேல் புட்டியிலிருந்து எண்ணெய் விட்டார். பழைய பள்ளத்திலேயே அதை உட்கார வைத்து, விரலால் சுண்ணாம்பை அழுத்தி, திரியைப் பற்றவைத்தார்கள். வேலை முடிந்து அதே பாதையில் திரும்பி வந்த சாமியார் அதைப் பார்த்தார். "மறுபடி மழை வருது. நனையாதீங்க, வீட்டுக்குப் போங்கம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டேன். விளக்கைப் பற்றி அவர் கேட்டபோது, கேட்க மனம் வரவில்லை என்றேன். அடியில் இருந்ததை அவர் பார்த்துக்கொண்டார். அது என்ன என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். இங்கே எழுதப் போவதில்லை. புதுச்சேரியிலும் இந்தப் பத்திரிகை விற்கிறது.